புறவாசல் பிச்சி

1994ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒருநாள் காலை, சார்பதிவாளர் அலுவலகத்தில் என் அம்மா ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். தாத்தா வீட்டில் தனக்குள்ள பங்கை உடன்பிறந்த ஆண்களுக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அந்த வீட்டின் புறவாசலுக்குப் போனார். கிணற்றடியில் படர்ந்திருந்த பிச்சிக்கொடியின் கீழே, மண்ணுக்குள் புதைத்துக் கல்லேற்றி வைத்திருந்த ஒரு கிளை இருந்தது. கல்லை எடுத்துவிட்டு, தாய்க்கொடியிலிருந்து அதை அரிவாளால் அறுத்து, மண்கட்டியோடு பெயர்த்துப் பழைய பெயிண்ட் டப்பா ஒன்றில் வைத்தார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் ஊர் திரும்பினோம். எனக்கு அப்போது 15 வயது. பக்கத்து இருக்கைப் பெண் என்ன செடி என்று கேட்டார். “எங்க அம்மை வச்ச பிச்சி” என்றார் அம்மா. பத்திரத்தைப் பற்றி அன்று வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகும் பேசியதில்லை.

ஆச்சி அந்த ஆண்டு வைகாசியில் இறந்துபோனார். சித்திரையில் அவர் போட்ட பதியம் அது. யாருக்காகப் போட்டார் என்று எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நான் சட்டம் படித்தவளல்ல. ஆனால் அந்தக் கையெழுத்தைப் புரிந்துகொள்வதற்காகவே பின்னாளில் கொஞ்சம் படித்தேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் பங்கில் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை உண்டு. இந்தச் செய்தியைப் பெருமையாகச் சொல்பவர்கள் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவைச் சொல்வதில்லை. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் தாமாகப் பாகம் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது அந்தப் பிரிவு. அங்கே குடியிருக்கும் உரிமையும் எல்லா மகள்களுக்கும் இல்லை. மணமாகாதவள், கணவனால் கைவிடப்பட்டவள், பிரிந்து வாழ்பவள், விதவை ஆகியோருக்கு மட்டுமே உண்டு. அதாவது, வாழ்க்கை கெட்டால்தான் பிறந்த வீட்டில் இடம். தமிழ்நாடு 1989இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன்பே மணமானவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அம்மாவுக்கு 1976இல் கல்யாணம். 23ஆம் பிரிவு 2005இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் அந்த வீடு இடிக்கப்பட்டுக் கிணறும் தூர்க்கப்பட்டுவிட்டது.

சட்டம் கொடுத்த கொஞ்சத்தையும் அம்மா கேட்கவில்லை என்பது வேறு விஷயம். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று பயந்தார். மாமாக்கள் கெட்டவர்களல்லர். தீபாவளிச் சீர் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அந்தச் சீர்வரிசையின் மொத்த மதிப்பையும் வீட்டில் ஒரு பங்கின் மதிப்பையும் நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்து, அம்மாவிடம் வசவு வாங்கினேன்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் ரயில்பெட்டிபோல நீண்டு கிடக்கும். முன்வாசல், தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, கடைசியில் புறவாசல். முன்னிருந்து பின்னே போகப்போக ஆண்கள் குறைந்துகொண்டே போவார்கள். தார்சாவில் தாத்தாவும் அவரைப் பார்க்க வந்தவர்களும். பட்டாசலில் சாமி படமும் சாப்பாடும். அடுக்களைக்கு அப்பால் கிணறு, துவைகல், மாட்டுத்தொழுவம், எருக்குழி, தீட்டுக்காரப் பெண்கள் ஒதுங்கியிருக்கும் சாய்ப்பு. வீட்டின் அழுக்கெல்லாம் போய்ச்சேரும் இடம் அது. அங்கேதான் செடிகளும் இருந்தன. குளித்த தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேம்புக்கு, அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, அடுப்புச் சாம்பல் கத்தரிக்கும் அவரைக்கும் என்று ஒரு ஒழுங்கு. தண்ணீருக்குத் தனியாகச் செலவில்லை, உரத்துக்கும் இல்லை. அதனாலேயே அது உழைப்பாகக் கணக்கில் வரவில்லை. தாத்தாவின் வயல் கணக்கு நோட்டுகள் இன்றும் மூத்த மாமா வீட்டில் இருக்கின்றன. விதைநெல், கூலி, வைக்கோல் விற்றது என்று வருடவாரியாக எல்லாம் இருக்கிறது. அந்த வீட்டில் ஏழெட்டுப் பேர் நாள்தோறும் தின்ற காய்கறி எங்கிருந்து வந்தது என்பதற்கு அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

ஆச்சி 38 வயதில் விதவையானவர். பிச்சி அதற்கு முன்பே இருந்தது. கல்யாணமாகி வந்த வருடம் தன் தாய்வீட்டிலிருந்து பதியன் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்வார். தாத்தா போனபிறகு 30 வருடத்துக்கும் மேல் தலையில் ஒரு மொட்டுகூட வைக்காமல், அந்தக் கொடியை வளர்த்தார். சாயங்காலம், மொட்டு இதழ்விரிவதற்குச் சற்று முன்னால் பறித்து, வாழைநாரில் நெருக்கிக் கட்டி, சாமி படத்துக்கு ஒரு முழம் வைத்துவிட்டு, மீதியை மருமகள்களுக்கும் பேத்திகளுக்கும் அடுத்த வீட்டுப் பெண்களுக்கும் கிள்ளிக் கொடுப்பார். கொடுக்கும்போதும் நேராகக் கையில் தரமாட்டார். திண்ணையில் வாழையிலைக் கீற்றில் வைப்பார். சுமங்கலி ஒருத்தி அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் விரல் பட்ட பூ சாமிக்கு ஆகும், பெண்களின் தலைக்கு ஆகாதாம். எனக்கு விவரம் தெரிந்து இதை எதிர்த்துக் கேட்டபோது ஆச்சி கோபப்பட்டது என்மேல்தான்.

புறநானூற்றின் 246ஆம் பாடல் பெருங்கோப்பெண்டுவின் பெயரால் வருவது. பூதப்பாண்டியனின் சிதையில் விழப்போகும் அரசி, தன்னைத் தடுக்கும் சான்றோரைப் பார்த்துப் பேசுகிறாள். வகுப்பில் இதைக் கற்புக்குச் சான்றாக நடத்தியே எனக்குக் கற்பித்தார்கள். நான் நடத்தும்போது அவள் தரும் உணவுப் பட்டியலில் நின்றுவிடுவேன். நெய் இல்லை, பிழிந்த பழஞ்சோறு, எள் அரைத்துச் சேர்த்துப் புளிவிட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாத பரல்கல் படுக்கை. கைம்மை என்றால் என்ன என்பதை அவள் ஒரு சமையல் குறிப்பாகச் சொல்லிவிடுகிறாள். வேளை யாரும் பாத்தி கட்டி வளர்க்கும் கீரையல்ல, தரிசிலும் குப்பையிலும் தானாக முளைப்பது. விதவைக்கு விதிக்கப்பட்ட உணவு பயிரிடப்படாத செடியிலிருந்து வருகிறது. ஆச்சி அதைத் தலைகீழாக்கினார் என்று சொல்ல ஆசைதான். அவர் தலைகீழாக்கவில்லை. விதிகளுக்குள் இருந்துகொண்டே கொடியைப் பெருக்கினார்.

எப்படிப் பெருக்கினார் என்பதை எழுத வேண்டும், ஏனென்றால் எவரும் எழுதவில்லை. பிச்சியில் தரையோடு வளையக்கூடிய, முற்றலும் இல்லாத இளசும் இல்லாத ஒரு கிளையைத் தேர்வார். கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை நீளத்துக்குப் பட்டையைச் சீவுவார், அல்லது சாய்வாகக் கீறி வெட்டு மூடிக்கொள்ளாமல் இடையில் சின்னச் சல்லி ஒன்றைச் செருகுவார். அந்த இடத்தை மண்ணுக்குள் அமிழ்த்தி, மேலே கல் வைத்து, நுனியை வெளியே நிமிர்த்திவிடுவார். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகக் கீழிறங்கும். பட்டை அறுபட்ட இடத்தில் தேங்கி நிற்கும். ஈரமும் இருட்டும் சேர்ந்தால் அங்கே வேர் விடும். மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை தாய்க்கொடி தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கும். நான் பொறுமை இல்லாமல் கல்லைப் புரட்டிப் பார்ப்பேன். “ஏட்டி, அந்தக் கல்லத் தொடாத. உறங்குத பிள்ளைய எழுப்புவாங்களா?” என்பார்.

முருங்கைக்கு இந்தப் பக்குவம் தேவையில்லை. கைத்தடி கனத்தில் போத்து வெட்டி நட்டு, தலையில் சாணி அப்பினால் போதும். கறிவேப்பிலை தாய்மரத்து வேரிலிருந்து எழும்பும் கன்றைப் பிரித்து வைப்பதுதான் நிச்சயம். பழம் விழுந்து முளைத்த கன்றும் வரும், மெதுவாக வரும். வாழைக்குப் பக்கக்கன்று. கற்பூரவல்லியும் மருதாணியும் ஒடித்து நட்டாலே வரும். கத்தரியில் விதைக்கு விடும் காயைப் பறிக்காமல் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி உலர்த்துவார். பூசணி, பீர்க்கு, பாகல் விதைகளைச் சாணியில் பதித்து வறட்டிபோலச் சுவரில் தட்டிவிடுவார். பூச்சி அண்டாது, ஆடிமாதம் சுவரிலிருந்து பெயர்த்து ஊன்றலாம். விதைக்காய்க்கு அடையாளமாகக் காம்பில் கிழிந்த சேலைக்கரையைக் கட்டியிருப்பார். தாத்தாவே கேட்டாலும் அந்தக் காயைச் சமைத்துத் தரமாட்டாராம். அந்த வீட்டில் ஆச்சி ‘இல்லை’ என்று சொன்ன மிகச் சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று என்பார் அம்மா.

மாதத்தில் மூன்று நாள் இந்தச் செடிகளைத் தொட ஆச்சிக்கே அனுமதியில்லாத காலம் ஒன்றிருந்தது. தீட்டுக்காரி கை பட்டால் கறிவேப்பிலை பட்டுப்போகும், துளசி கருகும், பிச்சி மொட்டு உதிரும். சாய்ப்பில் உட்கார்ந்துகொண்டு, எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பாராம்.

சங்க இலக்கியத்தில் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் படப்பை என்று பெயர். படப்பையைப் பற்றிய வருணனைகள் நிறைய உண்டு. அதில் வேலை செய்பவர் அபூர்வமாகத்தான் தென்படுவார். அதனால் நற்றிணை 172 எனக்கு முக்கியமான பாட்டு. தோழியரோடு விளையாடிய தலைவி, வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவைத்து மறந்துவிடுகிறாள். அது முளைவிட்டதும் நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உன்னைவிடச் சிறந்தது, உனக்குத் தங்கை இது என்று தாய் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தப் புன்னை நிழலில் தலைவனோடு சிரித்துப் பேசத் தலைவிக்கு வெட்கமாக இருக்கிறது. உரைகாரர்கள் இதை வரைவு கடாதல் என்று துறை பிரித்து முடித்துவிடுவார்கள். எனக்கோ, மரத்தை மகளாகப் பதிவு செய்யும் அந்தத் தாயின் வாய்மொழிதான் பெரிது. உறவுப் பட்டியலில் ஒரு பெண் தன்னிச்சையாக ஒரு பெயரைச் சேர்க்கிறாள், குடும்பத்தில் அதை யாரும் மறுக்கவும் இல்லை.

பாரம்பரியத் தோட்டம் என்று இப்போது பலரும் உருகிப் பேசுகிறார்கள். ஆச்சியின் புறவாசலைக் கணக்கெடுத்தால் பாதிக்குப் பாதி வெளியூர்க்காரர்கள். பூசணியின் உறவான பறங்கி, தன் பெயரிலேயே பரங்கியரைச் சுமந்துகொண்டிருக்கிறது, தாயகம் அமெரிக்கா. மிளகாயும் அங்கிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்ததுதான். 1498க்கு முன்னால் நம் அடுக்களையின் காரம் மிளகுதான். அதனாலேயே புதுக்காய்க்கு மிளகின் பெயர் ஒட்டியது. தக்காளி என்ற பெயர் இங்கே மணத்தக்காளி போன்ற சிறு பழங்களுக்கு இருந்தது. கப்பலில் வந்த பெரிய பழம் அதைத் தன் பெயராக்கிக்கொண்டது. கொய்யா, பப்பாளி, சீத்தா, துலுக்கச் சாமந்தி, அந்திமந்தாரை எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் செடிகள். வாசலோரத்தில் யாரும் வைக்காமலே பூக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் அந்தச் செடியிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

கப்பலின் பெயரும் மாலுமியின் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. துறைமுகத்தில் இறங்கிய ஒரு மிளகாய், அடுக்களையில் பிளக்கப்பட்டு, அதன் விதை எருக்குழிக்குப் போய், முளைத்து, ‘இதை விட்டுவைப்போமே’ என்று ஒரு கை விட்டுவைத்த அந்தக் கட்டத்துக்கு ஆவணம் கிடையாது. அது பெண் கையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காயை நறுக்குபவரும் குப்பை கொட்டுபவரும் யாராக இருந்தார்கள் என்பதில் ஊகத்துக்கு அதிக இடமில்லை.

எழுதப்பட்ட தாவர வரலாற்றைத் திறந்து பார்த்தாலும் இதே கதைதான். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. நல்லவேளையாக, அதில் அறிவு தந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன: ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி பிராமணர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட். ஒடுக்கப்பட்ட சாதி வைத்தியர் ஒருவரின் பெயர் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நூலில் பதிவானது சாதாரண விஷயமல்ல. அந்த வரிசையில் பெண் பெயர் இல்லை. 1690களில் சென்னைக் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தித் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். அந்தப் பெயர்கள் யார் வாயிலிருந்து வந்தன என்று சொல்லப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் தென்னிந்தியச் செடிகளைப் படங்களாக வெளியிட்டபோது, வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். அவர்கள் பெயர்களே வெகுகாலம் அடிக்குறிப்பாகத்தான் கிடந்தன. பெண்களுக்கு அந்த அடிக்குறிப்பும் இல்லை.

இந்த இடம்வரை நான் ஒரு கட்டுரையைச் சில ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். புறவாசல் பெண்களின் ஆவணக்காப்பகம் என்ற தோரணையில் அது முடிந்தது. வகுப்பில் அதைப் படித்தும் காட்டினேன். மாணவிகளிடம், உங்கள் பாட்டிமாரிடம் பேசி, அவரவர் கொல்லையில் எந்தச் செடியை எப்படிப் பெருக்கினார்கள் என்று எழுதிவரச் சொன்னேன். 40 பேரில் 30 பேருக்கு மேல் எழுதி வந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால், கனகாம்பர விதை ஈரம் பட்டால் வெடித்துத் தெறிப்பது, வல்லாரையின் ஓடுதண்டு என்று அருமையான குறிப்புகள். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் வெற்றுத்தாளோடு வந்தாள்.

“எங்க பாட்டிக்குக் கொல்லையே கிடையாது மேடம்” என்றாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனால் எனக்கு இன்னும் கூசியது.

பிறகு துறை அறையில் உட்கார்ந்து பேசினோம். அவள் பாட்டி சேரியில், நிலக்காரருக்குச் சொந்தமான வரப்போரத்தில் போட்ட குடிசையில் வாழ்ந்தவர். குடிசைக்குப் பின்னால் இருந்தது வேறொருவர் வயல். அதில் ஒரு செடி ஊன்றினால் இடத்துக்கு உரிமை கொண்டாடுவதாகச் சண்டை வரும். மரம் வைப்பது அதைவிட ஆபத்து. அதனால் பாட்டி சுரையையும் பறங்கியையும் குப்பைமேட்டில் ஊன்றிக் கூரைமேல் ஏற்றிவிட்டார். கூரை மட்டும்தான் அவருடையது. ஒருமுறை குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொன்னபோது, காய்த்துக்கிடந்த பறங்கியைக் கொடியோடு இழுத்துக்கொண்டு போனார்களாம். கீரையை அவர் வளர்த்ததே இல்லை, களை எடுக்கப் போன இடத்திலெல்லாம் பறித்தார்.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. கூரை இற்றுவிழும் வீட்டில், பசியோடு இருக்கும் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அறியாதவர் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கி, கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். எத்தனையோ முறை நடத்திய பாடம். பெருங்கோப்பெண்டுவின் வேளைக்கீரையும் இந்தக் கிணைமகளின் வேளைக்கீரையும் ஒன்றே என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை. அரசிக்குக் கணவன் செத்தால் வரும் உணவு, இவளுக்குக் கணவன் உயிரோடு இருக்கும்போதே அன்றாடம். தமிழில் தோட்டத்தின் வரலாறு படப்பையிலிருந்து மட்டும் தொடங்குவதல்ல, குப்பையிலிருந்தும் தொடங்குகிறது. நான் படப்பையை மட்டும் படித்தவள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும், அவற்றில் பெரும்பகுதி பின்னர் மற்றவர் கைக்குப் போன கதையும் எனக்குத் தெரியாதவையல்ல. அவற்றை நிலப் பிரச்சினை என்ற அடுக்கில் வைத்திருந்தேன்; பிச்சிப்பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

பார்த்திருந்தால் என் ஆச்சியின் புறவாசலிலேயே விடை கிடைத்திருக்கும். தொழுவம் கூட்ட ஒருவர் வருவார். பின்பக்கத்துச் சந்து வழியாக வந்து அந்த வழியாகவே போவார். ஆச்சியைவிட மூத்தவர், வீட்டில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் அழைத்தோம், ஏழு வயதில் நானும். எருக்குழியைக் கிளறி, சாணி சுமந்து, செடிகளுக்கு எரு இட்டது அவர்தான். ஆச்சி கஞ்சக்காரர் அல்லர். முருங்கைக்காய், அகத்திக்கீரை, பழுத்த வாழையிலை என்று மடி நிறையக் கொடுத்தனுப்புவார். ஒருநாள் அவர் பிச்சிப் பதியன் ஒன்று கேட்டார், பேத்தி ஆசைப்படுவதாக. “அதெல்லாம் ஒங்க பக்கம் வராது” என்று ஆச்சி சொன்னார். மண்ணைச் சொன்னாரா, ஆட்களைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. காயைக் கொடுக்கலாம், அது தின்றால் தீர்ந்துபோகும். பதியன் அப்படியல்ல, அவர்கள் வாசலிலும் அதே மணம் வீசும். விதவையாகத் தனக்கு மறுக்கப்பட்ட பூவை, இன்னொரு பெண்ணுக்கு மறுக்க ஆச்சிக்குச் சாதி போதுமானதாக இருந்தது. முதலில் எழுதிய கட்டுரையில் இது இல்லை. மறந்துபோயிற்று என்று சொன்னால் பொய்.

குப்பைமேட்டை அறிவியல் மதித்ததுண்டு. அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் 1952இல் வெளியிட்ட நூலில், மனிதர் பயிர்செய்யத் தொடங்கியதே குடியிருப்பின் குப்பைமேட்டில் முளைத்த செடிகளிலிருந்து இருக்கலாம் என்று வாதிட்டார். குவாத்தமாலாவில் ஒரு பூர்வகுடிக் குடும்பத்தின் வீட்டுத் தோட்டத்தை வரைபடமாக்கி, வெளியாளுக்குத் தாறுமாறாகத் தெரிந்தது உண்மையில் பழத்தோட்டமும் காய்கறிப் பாத்தியும் மருந்துத் தோட்டமும் உரக்குழியும் ஒன்றாக அமைந்த ஒழுங்கு என்று காட்டினார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பூமியை மனிதர் எப்படி மாற்றினர் என்பதுபற்றி நடந்த பெரிய ஆய்வரங்கின் கட்டுரைத் தொகுப்பில் ஆண்டர்சனின் கட்டுரையும் உண்டு. அந்த அரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் நம் பக்கத்தவர்: இ.கே. ஜானகி அம்மாள்.

1897இல் தலைச்சேரியில் தீயர் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கிறித்தவ மகளிர் கல்லூரியில் பாடம் நடத்தி, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்போடு மற்றப் புல்லினங்களைக் கலந்து ஆராய்ந்தார். டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் பட்டியலை 1945இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் விஸ்லியில் மக்னோலியாக்களின் குரோமோசோம்களைக் கால்சிசின் கொண்டு இரட்டிப்பாக்கினார். இன்றும் அங்கே அவர் பெயரில் ஒரு மக்னோலியா பூக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரின்ஸ்டனில் அவர் பேசியது இந்தியாவின் பிழைப்பு வேளாண்மை பற்றி. தாய்வழிச் சமூகங்களில் பெண்கள் சொத்தை நிர்வகித்தார்கள், அந்தச் சொத்தில் குடும்பத்தின் செடிகளும் அடக்கம், தானியப் பெருவேளாண்மை அதைக் குலைக்கிறது என்பது அவர் கவலை. கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மருந்துச் செடிகளோடு வாழ்ந்து 1984இல் இறந்தார். எங்கள் கல்லூரியில் தாவரவியல் மாணவிகளுக்கு அவர் பெயர் தெரியும். தமிழ் மாணவிகளுக்கு நான் சொல்லும்வரை தெரிவதில்லை, எனக்கே 30 வயதுக்குப் பிறகுதான் தெரியும்.

அம்மா கொண்டுவந்த பெயிண்ட் டப்பா எங்கள் வாடகை வீடுகள் நான்கைக் கடந்து, இப்போது என் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் சிமெண்டுத் தொட்டியாகியிருக்கிறது. பதியன் என்பது விதைபோல இரண்டின் கலப்பல்ல. தாய்க்கொடியின் உடம்பேதான் வேறு மண்ணில் வேரூன்றுகிறது. ஆகவே என் தொட்டியில் இருப்பது ஆச்சியின் தாய்வீட்டுப் பிச்சி, அதே செடி. பத்திரமோ பட்டாவோ இல்லாமல் நான்கு தலைமுறைப் பெண்களிடம் கைமாறி வந்திருக்கிறது. பின்வாசலில் நின்று கேட்டவரிடம் மட்டும் போகவில்லை.

போன வருடம் சித்திரையில், தொட்டியின் ஒரு கிளையைப் பக்கத்துத் தொட்டியில் வளைத்துப் பதியம் போட்டேன். ஆவணியில் அறுத்து, படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க வந்த அந்த மாணவியிடம் கொடுத்தேன். அவள் பாட்டிக்கு இப்போது அரசு கொடுத்த மூன்று சென்ட் மனை இருக்கிறது, பட்டாவும் பாட்டி பெயரில்தான். கொடுக்கும்போது ஏதோ பெரிய கடனை அடைப்பதுபோல எனக்குள் ஒரு நெகிழ்ச்சி இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

பத்து நாள் கழித்து அவள் தொலைபேசியில் அழைத்தாள். பிச்சியை முன்வாசல் ஓரத்தில் வைத்தாயிற்று என்றாள். “பாட்டி ஒண்ணு கேக்கச் சொல்லிச்சு மேடம். பூச்செடி சரிதான், நாட்டுப் பாகல் விதை இருந்தாக் குடுப்பாங்களான்னு. கடையில வாங்கினது காய்க்குது, ஆனா அந்த விதையப் போட்டா அடுத்த வருசம் அதே மாதிரி வரமாட்டேங்குதாம்.”

கலப்பின விதை அப்படித்தான்; ஒவ்வொரு ஆண்டும் பாக்கெட் வாங்க வைப்பதே அதன் வியாபாரம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையை எடுத்துவைக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை தருகிறது. எடுத்துவைத்த விதை முன்போலவே காய்க்குமா என்பது சட்டத்தின் கையில் இல்லை. என்னிடம் பாகல் விதை எதுவும் இல்லை. பால்கனியில் அதற்கு இடமும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அலமாரியின் மேல்தட்டில், சாம்பல் போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்துத் தந்தார். கொட்டிச் சலித்துப் பார்த்தால் பாகல் விதை ஒன்பது கிடைத்தது. எத்தனை வருடத்து விதை என்று அம்மாவுக்கு நினைவில்லை. காகிதத்தில் மடித்து உறையில் போட்டு அனுப்பினேன்.

ஐந்து முளைத்திருப்பதாகச் செய்தி வந்தது. பிச்சியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.